அலமாரி மறைத்த சுவர்

பிரான்சின் ரென் நகரத்து அரசு அலுவலகத்திலிருந்து மதாம் ஒடீல் வந்து இறங்கியதுமே துக்துவால் தன் புராணத்தை ஆரம்பித்துவிட்டார். மனுஷன் வாயை மூடித் தொலைத்தால் தேவலை என்று பல்லைக் கடித்தபடி பின்னால் நடந்தாள் அவர் மனைவி ஆர்மெல். ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால், நூறாண்டுப் போர் முடிந்த கையோடு ஒரு குட்டிப் பிரபு கட்டிய மாளிகைதான் அவர்கள் வீடு. கூரை மேற்கே சரிந்து நிற்கிறது. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று இந்த அம்மாள் எழுதிக் கொடுத்தால் அரசு கூரையைத் தூக்கி நிறுத்தும். இல்லையென்றால் அடுத்த குளிர்காலப் புயலில் வீடு உட்கார்ந்துவிடும்.

"கூடத்தைப் பாருங்க மதாம்," என்றார் துக்துவால். "வாங்கறப்போ சுவர் பூரா அழுக்குச் சுண்ணாம்பு. ரெண்டு கோடை, நானும் இவளும் உளியும் சுத்தியலுமா நின்னு ஒவ்வொரு கல்லையும் வெளியே கொண்டாந்தோம். அசல் கல்லு!"

முப்பது வருஷத்துக்கு முன் எல்லோருக்கும் அந்தப் பைத்தியம்தான். பழைய வீடு வாங்கியவர் எவரும் கல் தெரியும்வரை ஓயவில்லை.

மதாம் ஒடீலின் முகம் சுருங்கியது. "எல்லாத்தையுமா சுரண்டினீங்க?"

"அந்த ஓக் அலமாரிக்குப் பின்னால மட்டும் இல்ல," என்றாள் ஆர்மெல். "வீட்டோட வந்தது. நகர்த்துய்யான்னு முப்பது வருஷமா தலைபாடா அடிச்சுக்கறேன். சைடர் மதுப் பீப்பாயை உருட்ட மட்டும் இவருக்குத் தெம்பு வரும்."

"இடுப்பு வலிடி!"

பக்கத்துப் பண்ணையிலிருந்து இரண்டு பேர் வந்து தோள் கொடுத்தார்கள். அலமாரி முனகிக்கொண்டே விலகியது.

ஐயோ! சுவரில் ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். ஆள் உயரம். சிவப்பு அங்கி, நீலத் தலைத்துணி, வாய் கொள்ளாச் சிரிப்பு.

மதாம் ஒடீல் அப்படியே மண்டியிட்டாள். "வீடு கட்டின காலத்து ஓவியம். அப்புறம் வெள்ளையடிச்சவங்க யாரும் அலமாரியை நகர்த்தல, சுத்தியே அடிச்சுட்டுப் போயிட்டாங்க. அதனால இவ தப்பிச்சா." "இது ஒண்ணே போதும். நான் எழுதிடறேன், கூரை நின்னுடும்."

யாரும் சந்தோஷப்படவில்லை.

"அப்போ... மத்த சுவர்ல?" துக்துவால் கூடத்துக் கல் சுவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சுண்ணாம்புக்கு அடியில, இவளை மாதிரியே கூடம் முழுக்க ஆடியிருப்பாங்க."

துக்துவால் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். சுரண்டிய பூச்சு அத்தனையையும் அன்று தள்ளுவண்டியில் அள்ளிப்போய், சேறாகாமல் இருக்கத் தோட்டத்துப் பாதையில் கொட்டியிருந்தார்கள். முப்பது வருஷமாக அதன்மேல்தான் லீக்ஸ் வெங்காயத்தாள் பறிக்கப் போய் வருகிறார்கள்.

"நான்தான் பாவி," என்றார். "உன்னை உளி பிடிக்க வெச்சதே நான்தான்."

ஆர்மெல் ஓவியத்துப் பெண்ணின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னொரு கையை இறுகப் பிடித்திருந்தது. நான்கு விரல்கள், ஒரு மணிக்கட்டு. அதற்கப்புறம் வெறும் கல்.

"இவ யார் கையைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

"இனிமே யாருக்குத் தெரியும், மதாம்?" என்றாள் ஒடீல்.

கதவுப் பக்கச் சுவர் துக்துவால் சுரண்டியது. அலமாரியை ஒட்டிய இந்தப் பக்கம் ஆர்மெலுடையது. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட அவசர அவசரமாகக் கொத்தியதும், நகக்கண்ணில் ஏறிய சிவப்புத் தூளைச் செங்கல் பொடி என்று சோப்பு போட்டுக் கழுவியதும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"இது நான் செஞ்சது," என்றாள் ஆர்மெல்.