நாற்பத்தேழாம் எண் முத்திரை

விடியும் முன்பே கப்பலின் அடிவயிறு சூடேறியிருந்தது. இரும்புத் தகடுகளுக்கு நடுவே, உட்காரவும் முடியாத உயரத்தில், ரோஸ்மைடா மல்லாந்து படுத்துத் தலைக்கு மேலிருந்த இணைப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தீப்பொறி சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. கை அசைந்தால் வேலை கெடும். பல்லைக் கடித்து அந்தப் பற்றவைப்பு வரியை முடித்துவிட்டுத்தான் பொறியைத் தட்டிவிட்டாள். பக்கத்து அறையில் நான். புகை இருவருக்கும் பொது.

பாத்தாம் தீவின் அந்தக் கப்பல் தளத்தில், சர்வதேசச் சான்றிதழ் வாங்கிய வெல்டர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் அந்த எண் வெட்டிய முத்திரையை இரும்பில் அடித்துப் பதிப்போம். இது என் வேலை, இதற்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். ரோஸ்மைடாவின் எண் நாற்பத்தேழு. பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வாங்கிய எண்.

போன மழைக்காலத்தில் மேலாளர் விபிசோனோ எங்கள் முத்திரைகளை எல்லாம் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். தொலைந்துபோகின்றனவாம். பிறகு ஒப்பந்தக்காரர் லோம்போக் தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். பரீட்சை எழுதாதவர்கள், பாதிக் கூலி. அவர்கள் பற்றவைத்த இடங்களில் எங்கள் எண்கள் முளைத்தன. அவர்களைக் காட்டியே எங்கள் கூலியையும் குறைத்தார்கள். நாங்கள் முணுமுணுத்ததோடு சரி.

அன்று காலை குழாய்களுக்குள் தண்ணீரை அழுத்திச் சோதிக்கும்போது ஒரு குழாய் பிளந்தது. பக்கத்தில் நின்ற எங்கள் டார்மின் அண்ணனின் முழங்காலை நொறுக்கிவிட்டது. பிளந்த இடத்தருகே பதிந்திருந்த எண் நாற்பத்தேழு.

விபிசோனோ ரோஸ்மைடாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டுப் போயிடும்மா. நாளைக்குத் தணிக்கைக்கு ஆள் வருது. தளத்தோட சான்றிதழைப் புதுப்பிக்கலைன்னா ஒரு கப்பலும் இந்தப் பக்கம் வராது."

"அந்த ஜாயின்ட்டை நான் தொடவே இல்லை, சார்."

"நம்பர் உன்னோடதுதானே?"

"நம்பர் என்னோடது. அதை அடிச்ச சுத்தியல் உங்களோடது."

விபிசோனோ சிரித்தார். "நல்லா பேசுற. உன் சான்றிதழை ரத்து பண்ணிட்டா எந்தத் தளத்துலயும் உனக்கு வேலை கிடையாது. தெரியும்ல?"

"தெரியும். டார்மின் அண்ணனுக்கு இனிமே எந்தத் தளத்துல வேலை? அதைச் சொல்லுங்க."

அவர் கதவைக் காட்டினார்.

சாப்பாட்டுக் கூடத்தில், லோம்போக் ஆட்களில் ஒருவனான சஹ்னான் எங்கள் மேசைக்கு வந்து நின்றான். "அக்கா, அந்தக் குழாயைப் பத்தவெச்சது நான்தான். முடியாதுன்னு சொன்னேன். ஊருக்கு அனுப்பிடுவோம்னு மிரட்டுனாங்க."

எங்கள் மேசையிலிருந்த லூக்காஸ் கையை ஓங்கிக்கொண்டு எழுந்துவிட்டான். "இவனுங்க வந்ததாலதான் இவ்வளவும்."

ரோஸ்மைடா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நாம இவனை அடிச்சா விபிசோனோ வீட்டுல விருந்துதான். உட்காருடா. நீயும் உட்காரு தம்பி, சோறு ஆறுது."

சோறு ஆறித்தான் போனது. அந்த மேசையில் அவ்வளவு பேச வேண்டியிருந்தது.

மறுநாள் காலை தளத்தில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. வெள்ளைத் தலைக்கவசம் போட்ட தணிக்கை அம்மாவோடு விபிசோனோ வந்தார்.

"ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?"

"எங்க முத்திரை எங்க கைக்கு வரட்டும், சார். அப்புறம் பத்தவைக்கிறோம்," என்றான் லூக்காஸ்.

ரோஸ்மைடா சாக்பீஸோடு குழாய் வரிசைக்குப் போனாள். தன் கை படாத இடங்களில் இருந்த நாற்பத்தேழை ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். அடுத்து லூக்காஸ். அடுத்து நான். அப்புறம் சஹ்னான் வந்தான். ஓர் இணைப்பின் பக்கத்தில் தன் பெயரை எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. ஆனாலும் முழுப்பெயரையும் எழுதினான்.

"கூலியாளுங்க, மேடம். விவரம் தெரியாது," என்றார் விபிசோனோ.

"விவரம் சொல்லத்தான் நிக்கிறோம்," என்றாள் ரோஸ்மைடா. "டார்மின் அண்ணனுக்கு வைத்தியமும் ஈடும் தளம் குடுக்கணும். லோம்போக் ஆளுங்களுக்கும் கத்துக்குடுத்துப் பரீட்சை வைக்கணும். ஒரே வேலைக்கு ஒரே கூலி. அதுக்கப்புறம் உங்க சான்றிதழைச் சுவத்துல மாட்டிக்குங்க."

அந்த அம்மா படம் பிடித்துக்கொண்டார். அறிக்கையில் எழுதுவதாகச் சொன்னார். எழுதுவாரா, யார் கண்டது.

மதியத்துக்குள் எங்களை வெளியே தள்ளி வாசலைப் பூட்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி அடியில் உட்கார்ந்தோம். ஒப்பந்தக்காரர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, "லோம்போக் ஆளுங்க எல்லாம் ஏறுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

சஹ்னான் வேனைத் தாண்டி நனைந்தபடி எங்களிடம் வந்தான்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க அக்கா. பின்னாடி எங்காளுங்க எல்லாரும் வர்றாங்க."