சுவருக்கு இந்தப் பக்கம்

பிராணிகள் காப்பகத்துப் பெண் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பூனை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எலும்பும் தோலுமாக, வயிற்றடியில் முடி சடைபிடித்து, கண்ணோரம் பீளை தள்ளிப்போய்க் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தூக்கி வந்த மூன்றில் பிழைத்தது இது ஒன்றுதான்.

"ஒன்பது நாள் சோறு இல்லக்கா. ஒழுகுற குழாய்த் தண்ணியிலதான் உசிரு தங்கியிருக்கு. உடம்பு தேறணும், மனுஷங்களுக்குப் பழகணும், சத்தம் கேட்டா பதறாம இருக்கணும். அப்பத்தான் யாருக்காவது தத்து குடுக்க முடியும். ரெண்டு மாசமாவது ஆகும்."

"அதெல்லாம் நான் தேத்திடுவேன்" என்றாள் தையல்காரி.

எவ்வளவு நல்ல மனசு என்று காப்பகத்துப் பெண் உருகிப்போனாள். நல்ல மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தையல்காரியை அரித்துக்கொண்டிருந்தது வேறு.

பக்கத்து வீட்டில் மூன்று பூனைகளோடு தனியாக இருந்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தையல்காரியின் மோட்டார் மிஷின் அந்தச் சுவரை ஒட்டித்தான் நின்றது. சத்தம் தாங்காவிட்டால் நர்ஸம்மா அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு தட்டுவார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை நிறுத்துவாள். இருவருக்கும் நடுவே இருந்த உறவு அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை அறுபது திரைச்சீலை பாக்கி இருந்தது. சனிக்கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாக வேண்டும். மத்தியானம் தட்டு விழுந்தது. இன்றைக்கு நிறுத்தினால் பிழைப்பு போய்விடும் என்று இவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தட்டும் நிற்கவில்லை. எரிச்சல் தலைக்கேறி, கத்திரியின் கைப்பிடியால் சுவரில் திருப்பி இரண்டு தட்டு தட்டினாள். உடனே அந்தப் பக்கம் படபடவென்று தட்டல் கேட்டது. "திமிரைப் பாரு" என்று ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு மிஷினை மிதித்தாள். வியாழக்கிழமையும் தட்டல் கேட்டது, விட்டு விட்டு. வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. ஒருவழியாக அடங்கினாள் என்று இவளுக்கு உள்ளூரக் குஷி.

அடுத்த வெள்ளிக்கிழமை வாடை பொறுக்காமல் போலீஸ் வந்து கதவை உடைத்தது. நர்ஸம்மா இடுப்பெலும்பு முறிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இறந்து கிடந்தார்.

"ஏதாவது சத்தம் கேட்டுச்சாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலையே சார். மிஷின் ஓடிட்டே இருக்கும்."

தட்டல் கேட்டதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. பூனைக்கு இடம் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

பார்த்துக்கொள்வதில் குறை சொல்ல முடியாது. நூல் வெட்டும் சின்னக் கத்திரியால் சடையை மயிரிழை மயிரிழையாக எடுத்தாள். துண்டில் சுற்றி மடியில் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்து புகட்டினாள். தினமும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிவைத்தாள். பஸ் ஓட்டுகிற அவள் புருஷனுக்கு அதைப் பார்த்தால் வயிற்றெரிச்சல்.

"முப்பது வருஷத்துல என்னை ஒரு தடவையாவது இப்படி எடை போட்டிருப்பியா?"

"உங்களை நிறுத்தணும்னா லாரி எடை போடற எடத்துக்குத்தான் போகணும்."

பூனைக்கு எல்லாமே பயம். கரண்டி விழுந்தால் பீரோவுக்கு அடியில். வாசல் மணி அடித்தால் பீரோவுக்கு அடியில். அவர் தும்மினால் அரை நாள் வெளியே தலைகாட்டாது. பஸ்ஸில் இத்தனை பேரை மிரட்டுகிற எனக்கு வீட்டில் இது ஒன்றுதான் பயப்படுகிறது என்று அவர் பெருமைப்பட்டார்.

மூன்றாம் வாரம் காப்பகத்துப் பெண் பார்க்க வந்திருந்தபோது, அவசரத் தையல் ஒன்றுக்காக இவள் மிஷினைப் போட்டாள். பூனை பீரோவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. மிஷினுக்குக் கீழே சுருண்டு தூங்கியே போனது.

"மோட்டார் சத்தம்னா மத்ததெல்லாம் விட்டத்துல ஏறும்கா. இது என்ன, பொறந்ததுலேருந்து கேட்ட மாதிரி தூங்குது?"

தையல்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து கேட்டதுதான். தன் மிஷின் அந்த வீட்டுப் பூனைக்குத் தாலாட்டாக இருந்திருக்கிறது. அந்தச் சுவர் அவ்வளவு மெல்லியது. ஒன்றும் கேட்கவில்லை என்று போலீஸிடம் சொன்ன வாய் அவளுக்குக் கசந்தது.

மிஷினை நிறுத்தினாள். பூனை எழுந்து போய்ச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து, காதை நிமிர்த்தி, அசையாமல் பார்த்தது.

அதன் பிறகு தினமும் இதேதான். மிஷின் நின்றால் பூனை சுவரிடம் போகும். தட்டலுக்காகக் காத்திருக்கும். பூனை பார்ப்பதை இவள் பார்ப்பாள். பார்த்துப் பார்த்து இவளுக்கும் காது சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. பட்டப்பகலில், புருஷன் மேஜையில் விரலால் தாளம் போட்டதற்கு வீல் என்று கத்தினாள். மிஷினைச் சமையலறைக்கு மாற்றிப் பார்த்தாள். பூனை அங்கிருந்து நடந்து வந்து அதே சுவருக்கு முன்னால் உட்கார்ந்தது. பாவத்தைக் கழுவ எடுத்துவந்தது போய், எப்போது இது தொலையும் என்று ஆகிவிட்டது. அதற்காகவே ஊட்டி ஊட்டி வளர்த்தாள். ஒன்றே முக்கால் கிலோ மூன்றேகால் ஆனது.

இரண்டாம் மாதக் கடைசியில் காப்பகத்துப் பெண், நர்ஸம்மாவின் மகளையே அழைத்து வந்தாள். வெளியூரில் இருப்பவள். அம்மாவின் பூனையைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்று கூடையோடு வந்திருந்தாள். முகத்தில் நர்ஸம்மாவின் அதே தாடை.

"ரொம்ப நன்றிக்கா. அம்மாவோட பூனைக்கு இவ்வளவு செஞ்சிருக்கீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்த உடனே உசிரு போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படித்தானேக்கா? நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. ஒண்ணும் கேக்கலல்ல?"

"இல்லம்மா" என்றால் முடிந்தது. ஒரே வார்த்தை. பூனையும் போய்விடும், இந்தப் பெண்ணும் நிம்மதியாகத் தூங்குவாள். தையல்காரி குனிந்து பூனையைத் தேடினாள்.

புது ஆளைக் கண்ட பூனை பீரோவுக்கு அடியில் போய்விட்டிருந்தது. "மிஷினைப் போடுங்கக்கா, தானா வரும்" என்றாள் காப்பகத்துப் பெண். போட்டாள். வந்தது. நிறுத்தினாள். மகள் நீட்டிய கையைத் தாண்டிப் போய் அது சுவருக்கு எதிரே உட்கார்ந்தது.

"அங்க என்ன பாக்குது?"

"உங்கம்மா தட்டுவாங்கன்னு பாக்குது."

வாயைவிட்டு வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. புதன், வியாழன், ரேடியோ, எல்லாவற்றையும் சொன்னாள். காப்பகத்துப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திருப்பித் தட்டினீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"ரெண்டு தட்டு."

"அதுக்கப்புறம்தான் அம்மா வேகமாத் தட்டினாங்களா?"

"ஆமாம்மா."

"யாரோ கேட்டுட்டாங்க, வந்துடுவாங்கன்னு நெனச்சிருப்பாங்க" என்றாள் மகள். "மறுநாள் வரைக்கும் நெனச்சிருப்பாங்க."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. தையல்காரி காலில் விழப் போனாள். மகள் தள்ளி நின்றுகொண்டாள். காலிக் கூடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"பூனை?" என்றாள் காப்பகத்துப் பெண், மெதுவாக.

"என்கிட்ட வந்தா ஆறே மாசத்துல எல்லாத்தையும் மறந்துடும்" என்றாள் மகள். "இங்கயே இருக்கட்டும்."

அவள் படியிறங்கிப் போனாள். காப்பகத்துப் பெண் தத்துப் பத்திரத்தில் எழுதியிருந்த மகளின் பெயரை அடித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலேயே பேனாவை நீட்டினாள். தையல்காரி வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.