ஓர்னெல்லாவின் கத்தாத பைகள்

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே காலுக்கு, பிளாரன்ஸ் நகரத்து ஓர்சினா சதுக்கச் சந்தையில் தொங்கிய பைகளில் அசல் மாட்டுத் தோலால் ஆனவை மட்டும் கத்தத் தொடங்கின. கன்றைத் தேடும் பசுவின் குரல், சந்தேகமே இல்லை. சுற்றுலாக்காரர்களில் பாதிப்பேர் ஓடினார்கள், மீதிப்பேர் படம் எடுத்தார்கள். தொர்குவாத்தோவின் கடையில் அறுபது பைகளில் ஐம்பத்தெட்டு கத்தின. எதிரே ஓர்னெல்லாவின் கடையில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

ஓர்னெல்லா இருபத்திரண்டு வருடமாக அங்கே பை விற்றவள். அத்தனையும் அசல் தோல் என்று நான்கு மொழிகளில் சத்தியம் செய்தவள், அதை மனதார நம்பியும் வந்தவள். தொர்குவாத்தோ விற்பதுதான் போலி என்பது அவள் ஊரறியச் சொல்லிவந்த சேதி. அசல் தோல் தீயில் உருகாது என்று காட்ட, சிகரெட் லைட்டரைப் பற்றவைத்துப் பையின் அடியில் காட்டி வெடுக்கென்று எடுக்கும் வித்தையைக் கணவன் துய்லியோதான் கற்றுத்தந்தான். ஏன் அவ்வளவு அவசரம் என்று அவள் கேட்டதில்லை. சரக்கு கொண்டுவந்ததும் அவன்தான். அவன் செத்து மூன்று வருடமாயிற்று, அதே பட்டறையிலிருந்து அதே சரக்கு வந்துகொண்டிருந்தது.

"என்ன அம்மணி, உங்க மாடெல்லாம் தூங்குதா?" என்றான் தொர்குவாத்தோ, சந்தை முழுக்கக் கேட்கும்படி.

"என்னோடது நல்லா வளர்ந்த மாடு. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாது" என்றாள் ஓர்னெல்லா. சொல்லிவிட்டாளே தவிர, காது சிவந்துவிட்டது. மதியமே கடையைச் சாத்திவிட்டுக் கல்லறைக்குப் போய்த் துய்லியோவின் தலைமாட்டில் நின்றாள். "இத்தனை வருஷம் என் வாயாலயே பொய் சொல்ல வெச்சிட்டு, நீ மட்டும் சுகமா படுத்திருக்கியா?" என்று கேட்டாள். பதில் வராததால் கொண்டுபோன பூவைப் பக்கத்துக் கல்லறைக்காரருக்கு வைத்துவிட்டு வந்தாள்.

பதினோரு நாள் ஒரு பைகூட விற்கவில்லை. வந்தவர்கள் பையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் பழைய பலகையைக் கழற்றி, 'இது தோல் இல்லை. தையல் உறுதி' என்று எழுதி மாட்டினாள். மாட்டிய பிறகு அவளுக்குப் பசித்தது.

அதற்குள் கத்தும் பைகளை வாங்கியவர்கள் திரும்பிவர ஆரம்பித்தார்கள். பால் கறக்கும் நேரம் என்று விடிகாலை ஐந்து மணிக்கே அவை ஓட்டலை எழுப்பின. அருங்காட்சியகத்தில் விடவில்லை. ஒரு பெல்ஜியக்காரியை ரயிலடிவரை நிஜப் பசு ஒன்று பின்தொடர்ந்திருந்தது. தூக்கமில்லாமல் கண் வீங்கிய அந்தப் பெண், தொர்குவாத்தோவிடம் பையை நீட்டி அழுதாள். அவனுக்கும் தூக்கம் போய் இரண்டு வாரம். விற்காமல் மிஞ்சியவையும் திரும்பி வந்தவையும் அவன் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் இரவு தங்கின.

ஓர்னெல்லா முகெல்லோ பக்கத்துப் பண்ணையில் பிறந்தவள், பத்து வயதில் பால் கறந்தவள். சாலையைக் கடந்து வந்து பையை வாங்கி மடியில் வைத்தாள். அடிப்பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். பை ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

தொர்குவாத்தோ தொப்பியைக் கழற்றினான். "எனக்கும் சொல்லிக் குடுங்க."

"முதல்ல சத்தமா சொல்லு, என் தையல் எப்படின்னு."

"உறுதி" என்றான்.

"எதிர்ச்சாரிக்குக் கேக்கலை."

எதிர்ச்சாரிக்கும் கேட்கும்படி சொன்னான். அன்றுமுதல் அவனிடம் பை வாங்குகிறவர்கள் அவளிடம் வந்து தடவக் கற்றுக்கொண்டு போனார்கள். பொறுமை இல்லாதவர்கள் அவளிடமே கத்தாத பையை வாங்கினார்கள். ஜூன் மாதம் நகராட்சி ஒரு குமாஸ்தாவை அனுப்பியது. அவர் நாற்காலி போட்டு அரைநாள் கேட்டுக் குறித்துக்கொண்டார். பகல் ஒன்று முதல் நான்கு வரை ஊர் உறங்கும் நேரம், பைகள் கத்தக்கூடாது என்று உத்தரவு ஒட்டப்பட்டது. பைகள் பெரும்பாலும் அதற்குக் கட்டுப்பட்டு நடக்கின்றன.