குடும்பக் குழுவில் ஏறிய வாணலி

மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், காப்பீட்டு அலுவலக மேலாளர் அவளுடைய இரும்பு வாணலியில் முட்டை பொரித்தார். அடிப்பிடித்தது. தண்ணீரை ஊற்றி, "ஊறட்டும்" என்று தொட்டியில் போட்டுவிட்டு அலுவலகம் போனார். அவள் வருவதற்கு முந்தின நாள் காலையில்தான் அதன் ஞாபகம் வந்தது. கருகருவென்று மின்னிக்கொண்டிருந்த வாணலி செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

உடனே மனைவியின் தம்பியை வரவழைத்தார். அவன் கார் விற்பவன். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"இதுக்கா மாமா இப்படி வேர்த்துக் கொட்டறீங்க? உருளைக்கிழங்கை வெட்டி, உப்பைத் தொட்டுத் தேய்ச்சா போதும். வீடியோல பார்த்திருக்கேன்."

"நீ தேய்ச்சிருக்கியா?"

"பார்த்திருக்கேன்னு சொல்றேன்ல!"

மேலாளர் தேய்த்தார், மச்சினன் மேற்பார்வை பார்த்தான். மேல் துரு கொஞ்சம் போனது. அடுத்து எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டினார்கள். புஸ்ஸென்று நுரை பொங்கியதும் இருவரும் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். சாறும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிக்கொண்டன. துரு வேடிக்கை பார்த்தது. கடைசியில் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊறவைத்து, கம்பி நாரால் தேய்த்த பிறகுதான் இரும்பு வெளியே தெரிந்தது.

மச்சினன் சட்டென்று படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். 'மாமாவின் கைவண்ணம்! துருவை விரட்ட வீட்டுப் பொருளே போதும்!' பாராட்டு கொட்டியது. பெரியப்பா கைகூப்பும் படம் அனுப்பினார். மேலாளர் சோபாவில் சாய்ந்து ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏங்க, அது என் வாணலிதானே?"

அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஆமாம்மா... பளபளன்னு இருக்கு, பார்த்தியா?"

"ஈரத்தைத் துடைச்சீங்களா?"

எட்டிப் பார்த்தார். வாணலி முழுக்க மறுபடியும் செம்புள்ளி.

"கஸ்டமர் காத்திருக்காரு மாமா," என்று மச்சினன் செருப்பை மாட்டினான்.

"மறுபடி தேய்ச்சு, உடனே துடைச்சு, அடுப்புல வச்சு சூடு பண்ணுங்க," என்றாள் அவள். "அப்புறம் துணியில எண்ணெய் தொட்டு மெல்லிசா தடவணும். எண்ணெயிலேயே குளிப்பாட்டிடாதீங்க."

அப்படியே செய்தார். மறுநாள் அவள் வந்து வாணலியை விரலால் தடவிப் பார்த்தாள். அதை எடுத்து அலமாரியில் வைத்தாள். தப்பித்தோம் என்று மேலாளர் மூச்சுவிட்டார்.

சாயங்காலம் வாசலில் பெரியப்பா நின்றார், கையில் ஒரு துருப்பிடித்த சட்டியோடு. பின்னால் சித்தி, இரண்டு பைகளோடு.

"குழுவுல பார்த்தோம்பா. இந்தக் கைராசி யாருக்கு வரும்!"

"கூச்சப்படாம கொடுங்க பெரியப்பா, அவருக்கு இதுன்னா உயிரு," என்று சொல்லிவிட்டு மனைவி டிவி பார்க்கப் போனாள்.

மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டார். உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனால் அலுவலகத்தில்கூட யாரும் அவர் முன்னால் இவ்வளவு பவ்யமாக நின்றதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது வேற வகைத் துரு, பெரியப்பா. கொஞ்சம் நுணுக்கமாப் பார்க்கணும்."