குறுக்கே அசைந்த கை

சின்னவன் ஒரு செருப்பைக் கழற்றுவதற்குள் கட்டிலில் அப்பாவின் கை எழும்பிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதம் விட்டுவைத்திருந்த ஒரே கை அது. இப்போது பேச்சும் போய் மூன்று நாளாகியிருந்தது. போர்வைக்கு மேலே அந்தக் கை இடமும் வலமுமாகக் குறுக்கே மெதுவாக ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. கண்கள் வாசலில் நின்றவனை விட்டு நகரவில்லை.

"வேணாங்கறார்டா," என்றான் தலைமாட்டில் நின்ற பெரியவன். "உன்னைப் பாக்கப் பிடிக்கல. போயிடு. கோபம் வந்தா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

சின்னவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஏழு வருஷமாக வாயால் விரட்டியவர், வாய் போனதும் கையால் விரட்டுகிறார், அவ்வளவுதானே? பாதி கழன்ற செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். ஆனாலும் போய்த் தொலைய மனம் வரவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது சிகரெட் பாதியில் இருக்கும்போது மேலே அம்மா அலறினாள்.

அப்பனுக்கும் மகனுக்கும் சொத்துத் தகராறு வரும், பெண் விஷயத்தில் தகராறு வரும். இவர்களுக்கு ஒரு எஞ்சினால் வந்தது. ரயில்வே யார்டில் அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியது ஒரே டீசல் எஞ்சின். வெளியூர் பார்க்காத எஞ்சின். சரக்குப் பெட்டிகளை இந்தத் தண்டவாளத்தில் பிரித்து அந்தத் தண்டவாளத்தில் கோர்ப்பதுதான் அதன் பிழைப்பு. உள்ளே டீசல் எரிந்து மின்சாரம் உண்டாக்கும், அந்த மின்சாரம் சக்கரத்தைச் சுற்றும். டிரைவர் அறைக்கு முன்னால் ஆளை மறைக்கும் நீள மூக்கு. அதனால் மூக்கன் என்று பெயர். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் "மாத்திரையைக் குடு" என்று திரும்பிப் படுத்துக்கொள்பவர், மூக்கன் இருமினால் சாப்பிடமாட்டார்.

அவர் ஓய்வுபெற்ற மறு வருஷம் மூக்கனைப் பழைய இரும்பாக ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்த இரும்புக் கடைக்காரரிடம் கேஸ் கட்டரால் இரும்பு அறுக்கும் வேலையில் இருந்தது சின்னவன். மூக்கில் ஆரம்பித்து நாலு நாளில் அறுத்து முடித்தான். அவன் அறுக்காவிட்டால் வேறொருவன் அறுத்திருப்பான். அதை வீட்டுக்கு வந்து அப்பாவிடமே சொன்னானே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

"வயித்துக்காகப் பெத்தவனையும் அறுப்பேடா நீ. இனி என் மூஞ்சில முழிக்காதே," என்றார். அன்று முதல் அவன் இரும்புக் கடைக்குப் பின்னால் இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில் இருக்கிறான்.

மூன்று மணிக்கு மயான வண்டி வரும் என்றார்கள். சின்னவன் தெருவில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவோடு வேலை பார்த்த யார்டு ஃபோர்மேன் வந்து உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கறப்ப பாத்தியா?"

"பாத்தேன் மாமா. பாத்ததும் போன்னுட்டார்."

"பேச்சுதான் வரலியேடா?"

"கையாலதான்." செய்து காட்டினான்.

ஃபோர்மேன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இன்னொரு தரம் காட்டு. குறுக்கவா? மேலயும் கீழயும் இல்லியே?"

"குறுக்கதான். ஏன்?"

"அட மடையா, அது யார்டு பாஷைடா! மூக்கன் மூக்கு மறைக்கும். அவன் போடற சத்தத்துல தொண்டை கிழியக் கத்தினாலும் காதுல விழாது. கீழ நிக்கறவன் கையைப் பாத்துத்தான் உங்கப்பன் வண்டியை நகர்த்துவான். மேலயும் கீழயும் ஆட்டினா 'தள்ளிப் போ'. குறுக்க ஆட்டினா 'என் பக்கம் வா'. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் கைக்கு ஓட்டினவன், ஒரே ஒரு நாள் அவன் கை காட்டியிருக்கான்…" கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "ஆமா, உங்கண்ணன் பக்கத்துல இல்லியா? அதே யார்டுல பெட்டிக்குக் கப்ளிங் மாட்டறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?"

"இருந்தான்."

ஃபோர்மேன் நாற்காலியை விட்டு எழுந்தார். "எனக்கும் வயசாச்சுடா. மாத்திச் சொன்னாலும் சொல்லியிருப்பேன்," என்றார். மாற்றிச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பெரியவன் குளியலறையில் அப்பாவின் மூத்திர பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தான். இனி யாருக்காகக் கழுவுகிறான் என்று கேட்க ஆள் இல்லை.

"அந்தக் கைக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்ல?" என்றான் சின்னவன்.

பெரியவன் திரும்பவில்லை. "பதினோரு வருஷம் அவர் எஞ்சினுக்குக் கை காட்டினவன் நான். தெரியாதா?"

"பாவி! பின்ன ஏன்டா?"

"ரெண்டு வருஷமா அள்ளிக் கொட்டினது நான். குளிப்பாட்டினது நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கை எனக்கு அசையலடா. அவரு எஞ்சினை அறுத்தவன் வாசல்ல வந்து நின்னதும் அசையுது." குழாயை மூடினான். "போ. அம்மாகிட்ட சொல்லு. சொல்லிட்டு அம்மாவைக் கூடவே கூட்டிட்டுப் போயிடு. அப்புறம் அவங்க மூஞ்சைப் பாத்துக்கிட்டு என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது."

அவனை அடித்துக் கொன்றிருக்கலாம். சின்னவனின் கை அதற்குத்தான் எழுந்தது. பாட்டிலைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்கள் தண்ணீரிலேயே கிடந்து வெளுத்துச் சுருங்கியிருந்தன. எழுந்த கை சும்மா தொங்கிவிட்டது.

அறையில் அம்மா கிண்ணத்துத் தண்ணீரில் துணியை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஆரம்பித்து ஒரு கன்னம் முடிந்திருந்தது.

"உன்னைப் பாக்கணும்னு இவர் கண்ணு வாசலையே பாத்துட்டு இருந்துச்சுடா," என்றாள். "நீ வந்த நேரம் பாத்து நான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிட்டேன். கூப்பிட்டாரா?"

பின்னால் பெரியவன் வந்து நின்றது தெரிந்தது. அவன் கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. நாலு பேர் படுக்கும் அறை சின்னவனுக்கு ஞாபகம் வந்தது. அதில் ஐந்தாவது பாய் விரிக்க இடமில்லை.

"சொல்லேன்டா."

"இல்லம்மா. போகச் சொல்லிட்டார்."

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். "சாகறப்பக்கூடவா மனுஷா?" என்றாள். துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

வண்டி வந்துவிட்டதென்று கீழேயிருந்து குரல் வந்தது. அப்பாவின் ஒரு கன்னம் ஈரமாக இருந்தது. மற்றதை யாரும் துடைக்கவில்லை.