படுக்கிற ஓட்டல்

உத்திரமேரூர் பஜாரில் மோட்டார் பம்ப்செட் கடை வைத்திருக்கும் மக்பூலுக்கு ஊர் வைத்த பெயர் ‘பாயிண்ட் பாய்’. பம்ப்செட் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போடுகிறோம் என்று வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை டீலர்களைக் கோயம்புத்தூருக்கும் பம்பாய்க்கும் வரவழைப்பார்கள். எந்த ஊருக்குப் போனாலும், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரே ஓட்டலில்தான் தங்குவேன் என்று பாய் அடம்பிடிப்பார். தங்கினால் அவர் அட்டையில் பாயிண்ட் ஏறும், பாயிண்ட் சேர்ந்தால் அப்புறம் காசில்லாமல் தங்கலாம். மற்ற டீலர்கள் சாயங்காலம் ஊர் சுற்றப் போவார்கள். பாய் மட்டும் வரவேற்பு மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தங்கினால் இரட்டைப் பாயிண்டா, இரண்டு ராத்திரியைத் தனித்தனியாகப் பதிந்தால் இன்னும் கூடுமா என்று அங்கிருக்கும் பெண்ணின் உயிரை எடுப்பார். இப்படியே ஆறு வருஷம் சேர்த்துவிட்டார். டீ வாங்கிக் கொடுக்கவே யோசிக்கிற மனுஷன், அட்டை வெள்ளியிலிருந்து தங்கத்துக்கு மாறிய அன்று பஜாருக்கே பிரியாணி போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்தில் இருந்த தாயாரம்மாளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. பாய்க்கு ஏதோ ஓட்டலில் ஏதோ பாயிண்ட் இருக்கிறதாம் என்று காதில் விழுந்ததோடு சரி. நம் பக்கத்தில் ஓட்டல் என்றால் இட்லி, பொங்கல், வடை, மத்தியானம் அளவுச் சாப்பாடு. அதற்கு மேல் ஓட்டலில் என்ன இருக்கிறது?

தாயாரம்மாள், ஏகாம்பரத்தின் மனைவி. இருபது வருஷமாக ஏகாம்பரத்தின் கிணற்றில் ஓடுவது மக்பூல் கடை மோட்டார்தான். தாயாரம்மாள் கொல்லையில் நின்று பேசினால் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும். மெதுவாகப் பேசு என்று ஏகாம்பரம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அவளுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தன் அரவிந்தனின் மனைவி கல்பனா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த வயிற்றை அவளும் சேர்ந்து சுமந்தாள் என்றே சொல்லவேண்டும்.

அந்தக் குழந்தைதான் அவசரப்பட்டுவிட்டது. எட்டாம் மாதம் முடியும் முன்னே வயிற்றைக் கிழித்து எடுத்து, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தாய்ப்பாலைப் பிழிந்து குழாய் வழியாக விடவேண்டும், அதுதான் மருந்து, மற்றதெல்லாம் அப்புறம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு இடம் கொடுத்தார்களே தவிர, பெற்றவளுக்குக் கட்டில் இல்லை. கையில் இருந்த காசு ஆபரேஷனோடு போய்விட்டது. அரவிந்தன் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். கல்பனாவும் தாயாரம்மாளும் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார்கள்.

மக்பூல் பாய் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியுமாகப் பார்க்க வந்தது அங்கேதான். பச்சை உடம்புக்காரி வெறும் தரையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. தாயாரம்மாளைத் தனியே கூப்பிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்.

“தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க எதிர்லயே ஒரு ஓட்டல் கீது. அதுல என் பாயிண்ட் கீது. பத்து நாளைக்கு உங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் சும்மா. நான் பேசிட்டேன்.”

தாயாரம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு பெரிய வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“இன்னா பாய், இன்னா நெனச்சிக்கினு கீறே நீ? எங்கள ஓசி சோத்துக்கு அலையறவங்கன்னு நெனச்சிட்டியா? எங்க களத்துல அள்ளினு போன நெல்ல ஊரே துன்னுது. நாங்க ஓட்டல்ல போயி கைய நீட்டணுமா? தோ பாரு, தூக்குல புளிசோறு கீது. பத்து நாளு இன்னா, பத்து மாசம் துன்னுவோம்!”

பாய்க்கு மோட்டாரின் குதிரைசக்தி தெரியும். தாயாரம்மாளின் குதிரைசக்திக்கு முன்னால் என்ன செய்வார்? பேச்சில் சோறு எங்கிருந்து வந்தது என்றும் அவருக்குப் புரியவில்லை. “சரி தங்கச்சி, சரி தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் கல்பனாவுக்குக் காய்ச்சல். தையல் போட்ட இடம் சிவந்திருந்தது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு தாயாரம்மாளிடம் கோபமாகவே பேசினாள்.

“இப்படி வராந்தாவுல படுத்தா சீழ் வைக்கும். காய்ச்சல் ஏறினா இவங்களுக்குப் பால் வத்திடும். ஊருக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா அந்தப் பாலும் குழந்தைக்குக் கிடைக்காது. பக்கத்துலயே சுத்தமா ஒரு ரூம் பாருங்க. இல்லேன்னா...”

தாயாரம்மாள் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெஞ்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துச் சரட்டில் இருந்த தங்கக் குண்டுமணியைக் கழற்றி விற்றுவிடலாமா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பக்கத்துத் தெருவில் விசாரித்துவிட்டு வந்தாள். இருந்த ஒரே அறை மூன்றாவது மாடியில். மூட்டைப்பூச்சி சுவரிலேயே ஊர்ந்தது. திரும்பி வந்து, ஈரத்துணியை மடித்துக் கல்பனாவின் நெற்றியில் போட்டாள்.

மத்தியானம் உம்முல் குல்சும் வந்தாள். மக்பூலின் மனைவி. புர்கா தலைப்பால் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே வராந்தாவில் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால், ஒரு தூணுக்குப் பாதி மறைவாக, மக்பூல் பாய்.

“அக்கா, எங்க வூட்டுக்காரர இன்னாக்கா சொன்னே? நேத்து வந்ததுலேந்து சோறு எறங்கல அவருக்கு. என்னையும் துன்ன வுடல.”

“சோத்துக்குக் கூப்ட்டா? கோவம் வராதா? நீயே சொல்லு குல்சு.”

“ஐயே, அது சாப்புட்ற ஓட்டல் இல்லக்கா. படுக்கிற ஓட்டல்!”

“படுக்கிற ஓட்டலா?” தாயாரம்மாள் யோசித்தாள். யோசித்ததும் கண் விரிந்தது. “லாட்ஜா? புள்ள பெத்து பத்து நாளு ஆவாதவள லாட்ஜுக்கு இட்டுக்கினு போறதா? போலீஸு பூந்து தேட்ற எடமாச்சேடி அது! அதுக்கு இந்த வராந்தாவே மேலு!”

பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண் சிரித்தேவிட்டாள். தூணுக்குப் பின்னால் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓட்டல் என்றால் மானம் போகிறது, லாட்ஜ் என்றால் மரியாதை போகிறது. ஆறு வருஷம் சேர்த்ததைக் கொடுப்பதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

குல்சும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி. ஓட்டலும் வேணாம், லாட்ஜும் வேணாம். எங்க வூடு. எங்க வூட்டுக்கு வான்னா வருவியா, மாட்டியா?”

“ஒங்க வூட்டுக்கு வராம? ஆனா ஒங்க வூடு உத்தரமேரூர்ல இல்ல கீது?”

“மெட்ராஸ்ல பத்து நாளைக்கு எங்களுக்கு ஒரு வூடு கீதுக்கா. இந்த மனுசன் ஆறு வருசமா செங்கல் செங்கலா கட்டினது. மொத மொத நீ வந்து படு.”

தாயாரம்மாள் கல்பனாவைப் பார்த்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. எழுந்து கோரைப்பாயைச் சுருட்டினாள்.

அந்த ‘வீடு’ ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சாரியிலேயே இருந்தது. கல்பனா படியேறாமல் லிஃப்டிலேயே போனாள். அறை குளுகுளுவென்று இருந்தது, குழாயைத் திறந்தால் வெந்நீர். கல்பனா படுத்த இடத்தில் அப்படியே தூங்கிப்போனாள். தாயாரம்மாள் பாடுதான் திண்டாட்டம். வெள்ளைப் போர்வையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் இழுத்துச் செருகியிருந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போவது என்று தெரியாமல் முதல் நாள் மேலேயே படுத்துவிட்டாள். காலையில் படுக்கை போட வந்த ஆளை, “நான் மடிச்சிட்டேன், நீ போப்பா, ஒனக்கு வேற வேல இல்ல?” என்று விரட்டினாள். காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போகாமல் புளிசோற்றையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வரவேற்பில் இருந்த தேவகி, பெருநகருக்குப் பக்கத்து ஊரான மானாம்பதிப் பெண். இவள் பேச்சைக் கேட்டதுமே ஊர்ப்பாசம் பொங்கி, வலிய வந்து சொன்னாள்.

“எம்மா, காலீல நாஷ்டா ரெண்டு பேருக்கு அந்த அட்டையிலயே அடக்கம். தங்க அட்டை இல்ல? துன்னலன்னா பாயோட பாயிண்ட்டுதான் வேஸ்ட்டு.”

வீணாகிறது என்று சொன்னபின் தாயாரம்மாள் விடுவாளா? அன்றிலிருந்து கல்பனாவுக்கு இரண்டு முட்டை, பால், பப்பாளி. பால் எடுக்கும் கிண்ணத்தைத் தேவகி சமையல்கட்டில் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தாயாரம்மாள் பால் கிண்ணத்தை முந்தானையில் மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவாள். பஸ்ஸாவது லாரியாவது, அவள் கையை நீட்டினால் நிற்கும். கல்பனாவின் காய்ச்சல் இறங்கியது. குழந்தை குழாயை விட்டுவிட்டு உதட்டால் சப்பத் தொடங்கியது.

ஒருநாள் தேவகி கதவுப் பிடியில் மாட்டுகிற அட்டை ஒன்றைக் கொடுத்து, கல்பனா தூங்கும்போது மாட்டச் சொன்னாள். ‘தொந்தரவு செய்யாதீர்’ என்று எழுதியிருந்தது. இதை மாட்டினால் முதலாளியே வந்தாலும் கதவைத் தட்டமாட்டான் என்றாள். அப்புறம் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள்.

“பாயிக்கு ரொம்பப் பெரிய மனசும்மா. கடலோரத்துல எங்க பெரிய ஓட்டல் கீது, கோவாவுல. ஜன்னலத் தொறந்தா அலைதான். வூட்டம்மாவ இட்டுக்கினு போறதுக்கு ரெண்டு ராத்திரி போட்டு வெச்சிருந்தாரு. அந்த ரெண்டு ராத்திரி பாயிண்ட்டுதான் இங்க பத்து ராத்திரி. இந்த வருசத்தோட அது கெட்டும் பூடும். ஃபோன்ல கேன்சல் பண்ணச் சொல்லிட்டு, ‘இதாம்மா எனக்கு லாபம்’ன்னாரு.”

தாயாரம்மாள் அட்டையைக் கையில் வைத்தபடி நின்றாள். சோற்றுக்கு அலைகிறவளா என்று அவரைப் பார்த்துக் கத்தியது நினைவுக்கு வந்தது. அந்த வாரம் குல்சும் சீப்பு வாழைப்பழத்தோடு வந்தபோது, வாசலிலேயே மடக்கினாள்.

“ஏண்டி, கடலுக்குப் போவ வெச்சிருந்தியாமே? ஒரு வார்த்த சொல்லல நீ?”

குல்சும் சிரித்தாள். “கடலு யாருக்கு வேணும்? நிக்காஹ் ஆன நாள்லேந்து நான் எயுந்து டீ போடாத காலையே கெடையாதுக்கா. அடுத்தவங்க போட்ட படுக்கையில படுத்து, அடுத்தவங்க போட்ட டீயக் குடிக்கணும். ரெண்டே நாளு. அவ்ளோதான் என் ஆச. அதுக்கு இன்னா இப்போ? கொயந்த எப்பிடி கீது, அத சொல்லு.”

பத்தாம் நாள் குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கல்பனாவின் மார்பில் போட்டார்கள். இனிமேல் தாயும் பிள்ளையும் ஒன்றாகப் படுக்கலாம் என்று வார்டில் கட்டிலும் கொடுத்தார்கள். ஓட்டலைக் காலி செய்தபோது தாயாரம்மாள் தேவகியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்தக் கதவு அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தை பிறந்து, களத்தில் நெல் ஏறியதும், பெருநகரிலிருந்து உத்திரமேரூர்க் கடைக்கு ஃபோன் போனது. பாப்பாவைப் பார்க்க குல்சும் வரவேண்டும், இரண்டு ராத்திரி தங்கவேண்டும், பாய் வரக்கூடாது, அவருக்கு அவரே டீ போட்டுக்கொள்ளட்டும் என்று உத்தரவு.

குல்சும் வந்தாள். பாப்பாவை மடியில் வாங்கி, கொழுத்த கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மாளவில்லை. படுக்கப் போனபோதுதான் திகைத்து நின்றாள். விதைநெல் வைக்கிற அறையைக் காலி செய்து வெள்ளையடித்திருந்தது. ஏகாம்பரத்தின் புது எட்டுமுழ வேட்டியை மெத்தைமேல் விரித்து, நாலு பக்கமும் அடியில் செருகி, மேளத்தோல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. மடித்த துண்டின்மேல் ஒரு சோப்பு. முழுச் சோப்பை அரிவாள்மணையில் வைத்து ஓட்டல் சோப்பு அளவுக்குச் சின்னதாக அறுத்துக் காகிதம் சுற்றிவைத்தது.

“இன்னாக்கா இது?”

“படுக்கிற ஓட்டல்” என்றாள் தாயாரம்மாள். “கடலுக்கு நான் எங்க போவேன்? ஜன்னலத் தொறந்தா செய்யாறு தெரியும். அதுலயும் மொயங்காலுத் தண்ணிதான் கீது.”

காலையில் பழக்கதோஷத்தில் குல்சும் கோழி கூவும்போதே எழுந்து உட்கார்ந்தாள். கதவு மூன்று தடவை தட்டப்பட்டது.

“ரூம் சர்வீஸ்!”

தெருவே எழுந்திருக்கும், அப்படி ஒரு குரல். தாயாரம்மாள் தட்டில் டீயோடு நின்றாள். இஞ்சி தட்டிப்போட்ட டீ. “எயுந்துக்காதே. படுக்கையிலயே குடி. பன்னெண்டு மணிக்குக் காலி பண்ணணும்னு அங்க சொல்வாங்க. இங்க அந்தச் சட்டம் இல்ல, நீ இருக்கற வரைக்கும் இரு.”

குல்சும் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

“குடிம்மா, ஆறுது” என்றாள் தாயாரம்மாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, வேட்டிப் போர்வையை இழுத்துவிட்டு, மறுபடியும் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தி, நாதாங்கியில் அந்தத் ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டையை மாட்டினாள்.

வயலிலிருந்து வந்த ஏகாம்பரம், மோட்டார் ஓடவில்லை, பாய்க்கு ஃபோன் போடு என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு நுழைந்தார். தாயாரம்மாள் உதட்டில் விரலை வைத்து அட்டையைக் காட்டினாள்.

“மெதுவா பேசுய்யா” என்றாள், கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத குரலில். “குல்சு தூங்குது.”