போர்டு சாகலண்ணே

"கம்ப்யூட்டரோட மதர்போர்டு செத்துருச்சு தங்கச்சி. செத்தத எத்தன தடவ தட்டி எழுப்பினாலும் எந்திரிக்காது."

"செத்துருச்சுன்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"பதினெட்டு வருசமா இதே பிரிக்பீல்ட்ஸ்ல கட வெச்சிருக்கேன். சத்தத்த கேட்டாலே தெரிஞ்சிரும் லா."

"இது என்ன டுரியான் பழமா, காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்து சொல்றதுக்கு?"

கடைக்குள் கைப்பேசிக் கண்ணாடி மாற்றக் காத்திருந்த நாலைந்து பேரும் தலை தூக்கினார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். கடைக்காரர் சிவநேசன் சிரிக்கவில்லை. இந்தத் தெருவில் யார் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவர் மேசைக்குத்தான் வரும். அந்த மேசையில் நின்று அவரை எதிர்த்துப் பேசியவர்கள் குறைவு. அதிலும் இருபத்தாறு வயதுப் பெண், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, தோளில் ஒரு துணிப்பையோடு வந்து நின்று பேசுவது அவருக்குப் புதுசு.

புனிதா பேச்சை நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் கறுப்புக் கேசிங், பக்கக் கண்ணாடி கழற்றிய நிலையில், வயிற்றைத் திறந்து போட்டதுபோல் கிடந்தது. அதன் நெற்றியில் சிவநேசன் வெள்ளை டேப்பை ஒட்டி, மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்: 'போர்டு அவுட். வீட்டு அசெம்பிள்.'

அந்த வீடு அவளுடைய வீடு. நாலு மாதத்துக்கு முன், அடுக்குமாடியின் எட்டாவது மாடியில், சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு திருகாக அவள் முடுக்கிய கம்ப்யூட்டர் அது. வாங்கியவர் தங்கமணி டீச்சர். இங்கிருந்து இரண்டு கடை தள்ளி மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறார். நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, போன திங்கட்கிழமை ஓடவில்லை. கிள்ளான் தூரம் என்று டீச்சர் பக்கத்திலிருந்த சிவநேசனிடம் கொடுத்துவிட்டார். சிவநேசன் அதைப் படம் பிடித்து, 'கிள்ளான் பொண்ணு வீட்டுல மாட்டினா கதி இதுதான்' என்று கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டார். இருநூறுக்கு மேல் சிரிப்பு முகங்கள். புனிதாவிடம் கம்ப்யூட்டர் கேட்டிருந்த இரண்டு பேர் அந்தப் படத்தை அவளுக்கே அனுப்பிவிட்டு அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

டீச்சர் இப்போது மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சென்டருக்கு இன்னும் ஐந்து கம்ப்யூட்டர் வேண்டும். யாரிடம் சொல்வது என்று இன்று முடிவு செய்யப்போவதாகக் காலையில்தான் போனில் சொன்னார்.

"ஒரு தடவ ஆன் பண்ணுங்கண்ணே."

சிவநேசன் பொத்தானை அழுத்தினார். காற்றாடி சுற்றியது. மூன்று நொடியில் நின்றது. மறுபடி சுற்றி, மறுபடி நின்றது. திரை இருட்டாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில், நினைவகப் பட்டையான ரேமைச் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், கடுகளவு ஆரஞ்சு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. புனிதாவுக்கு அந்த விளக்கைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. ரேம் கிடைக்கவில்லை என்று போர்டு சொல்கிறது. செத்தது எதுவும் சொல்லாது.

"ரேம மாத்திப் பாத்தீங்களா?"

"என்னோட புது ரேமையே போட்டுப் பாத்துட்டேன். இதே கததான்."

"எந்த ஸ்லாட்ல போட்டீங்க?"

"எதுல இருந்துச்சோ அதுலதான். ரெண்டாவதுல."

"மத்த மூணும்?"

"ஒரு ஸ்லாட் போனா போர்டே போன மாதிரிதான் தங்கச்சி."

"ஒரு பல்லு ஆடினா ஆளையே பொதச்சிருவீங்களா?"

இந்த முறை டீச்சரின் உதடும் அசைந்தது. சிவநேசன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "சரி, வா. என் எடத்துல ஒக்காரு. பத்து நிமிசம் தரேன். முடியலன்னா டீச்சர் முன்னால, எல்லார் முன்னால, என்னால முடியலன்னு சொல்லிட்டுக் கெளம்பணும்."

"முடிஞ்சா நான் கேக்கறத நீங்க செய்யணும்."

"மொதல்ல முடி லா."

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கக் கேசிங்கின் இரும்பைத் தொட்டுக்கொண்டு ரேமின் இரண்டு பக்கப் பிடிகளையும் தளர்த்தி மேலே உருவினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கீழ் விளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களில், நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மங்கிய மஞ்சள் படிந்திருந்தது.

"இது என்ன?"

"கறை. பழசா இருக்கும்."

"நாலு மாசம் பழசா?" அவள் ரேமை மூக்கருகே கொண்டுபோனாள்.

முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தாள். அப்புறம்தான் மேசை அவள் கண்ணில் பட்டது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியில் காய்ந்த சந்தனப் பொட்டு. மின்சாரம் அளக்கும் மீட்டரின் நெற்றியில் சந்தனமும் நடுவில் குங்குமமும். கல்லா டிராயரில், காற்றாடியில், சுவரில் மாட்டிய கத்தரிக்கோலில். ஆயுத பூசை முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவள் வீட்டிலும் அரவை இயந்திரம் முதல் அப்பாவின் லோரி வரை இப்படித்தான் பொட்டோடு நிற்கின்றன. எங்கு பார்த்தாலும் சந்தனம் இருக்கும் வாரத்தில் சந்தனத்தை யார் பார்ப்பார்கள்?

"டீச்சர், ரப்பர் இருக்கா? பென்சில் அழிக்கற ரப்பர்?"

டீச்சரிடம் இல்லாமல் போகுமா? கைப்பையிலிருந்து மூன்று வந்தன. புனிதா வெள்ளையாக இருந்ததை எடுத்து, பொன்னிறப் பற்களின் மேல் மெதுவாக, ஒரே திசையில் தேய்த்தாள். மஞ்சள் உருண்டு உருண்டு விழுந்தது. ரேமை நாலாவது ஸ்லாட்டில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். டிக் என்றது. பிளக்கை மாட்டினாள்.

காற்றாடி சுற்றியது. மூன்று நொடி. நாலு. ஐந்து. ஆரஞ்சு விளக்கு அணைந்தது. அரை நிமிடத்தில் திரையில் வெளிச்சம் வந்து, டியூஷன் சென்டரின் பெயரும், 'படிவம் 3 கணிதம்' என்ற பாடக் கோப்புறையும் தெரிந்தன.

"அட! ஓடுது லா!" என்றார் காத்திருந்தவர்களில் ஒருவர். இன்னொருவர் கைதட்டினார். வெளியே மோனோரயில் ஒன்று, அதற்கும் கைதட்டலுக்கும் சம்பந்தமில்லை என்றாலும், சரியாக அந்த நேரம் பார்த்துத் தடதடத்துப் போனது.

புனிதா இன்னும் முடிக்கவில்லை. மறுபடி அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, இரண்டாவது ஸ்லாட்டுக்குள் கைப்பேசி விளக்கை அடித்தாள். பையிலிருந்த மெல்லிய பிரஷைச் சுத்தம் செய்யும் ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே விட்டாள். வெளியே வந்த பிரஷில் மஞ்சள் குழம்பு. டிஷ்யூவில் ஒற்றினாள். ஸ்பிரிட் வாடை போனதும் கோயில் வாசம் வந்தது.

சிவநேசன் குனிந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, சொல்றத கேளு. ரேம் லூசா இருந்துச்சு, அழுத்தினதும் சரியாயிருச்சுன்னு சொல்லிரு. டீச்சர் பக்திக்காரங்க. பூசையில வெச்ச சந்தனம்தான் கெடுத்துச்சுன்னு சொன்னா மனசு ஒடஞ்சிரும். அஞ்சு கம்ப்யூட்டரும் ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

நல்ல யோசனைதான். டீச்சர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார். ஐந்து கம்ப்யூட்டர். ஆறு மாதத்துக்கு வேலை. புனிதா ஒரு மூச்சு யோசித்தாள். லூசாக இருந்தது என்றால், லூசாக மாட்டியது யார்? இந்தக் கைதானே. டேப்பில் எழுதியிருந்ததும் அதுதான். அதையே அவள் வாயால் சொல்லச் சொல்கிறார்.

அவள் டிஷ்யூவை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், பூசையன்னிக்கு இத தெறந்து உள்ள பொட்டு வெச்சீங்களா?"

"ஆமா. வெளிய மட்டும் வெச்சா எப்படி? வேல செய்யறது உள்ளதானே? பன்னீர் விட்டுக் கரச்சு, நானே என் கையால வெச்சேன். மறுநாள் தொடச்சும் விட்டேன்."

"மேல தொடச்சீங்க. அதுக்குள்ள கொஞ்சம் வழிஞ்சு உள்ள எறங்கிருச்சு."

டீச்சரின் முகம் இறுகியது. "சரஸ்வதிக்கு வெச்ச சந்தனத்தையா குத்தம் சொல்ற?"

சிவநேசன் கூரையைப் பார்த்தார்.

"சந்தனத்தச் சொல்லல டீச்சர். எங்கப்பா பானெட்டத் தெறந்து எஞ்சின்லயே வெப்பாரு. எஞ்சின் தாங்கும். இது தாங்காது. உள்ள ஈரம் படக்கூடாதுன்னு குடுக்கறப்பவே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா நான் மாட்டினது சரியாத்தான் மாட்டினேன். ஒரு திருகு கூட லூசு இல்ல. நீங்க ஆர்டர் குடுத்தாலும் குடுக்காட்டியும் அதுல மாத்திப் பேச மாட்டேன்."

டீச்சர் அந்த மஞ்சள் டிஷ்யூவை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கோபமா, வருத்தமா, அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. புனிதாவும் படிக்கக் காத்திருக்கவில்லை.

மேசைக்குத் திரும்பி, காய்ந்த இரண்டாவது ஸ்லாட்டிலேயே ரேமை மாட்டி, பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். திரை விழித்தது. கேசிங்கின் நெற்றியிலிருந்த வெள்ளை டேப்பை ஒரே இழுப்பில் உரித்து, சிவநேசனின் மேசை விளிம்பில் ஒட்டினாள். அவருடைய கைப்பேசியை எடுத்து அவர் கையருகே நகர்த்தினாள்.

"போர்டு சாகலண்ணே. அந்த ஃபேஸ்புக் பக்கத்தத் தெறங்க. அதே எடத்துல, இதே கம்ப்யூட்டர, இப்ப ஓடுறத வீடியோ எடுத்துப் போடுங்க. கிள்ளான் பொண்ணுன்னு போட வேணாம். பேரப் போடுங்க. புனிதா."